தையில் எடுத்த முகம்

ஜூன் 9

கடை திறந்ததும் புளியங்குடிப் பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்கள். பெண்ணுக்குக் கன்னம் முழுக்கப் பரு. அம்மாக்காரி என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இத எடுத்துருங்க, அத எடுத்துருங்க" என்று திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணெய்க் கறையாக்கிவிட்டாள். பருவை எடுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்தேன். நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடச் சொன்னாள், ஆக்கினேன். கடைசியில் மூக்கோரத்து மச்சத்தைக் காட்டி, "இது எங்க மாமியா வழி. இதையும் எடுத்துருங்க" என்றாள். மாமியாரையே எடுக்கச் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன், அவ்வளவு ஆசையாகக் கேட்டாள்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்யாணப் படத்தில் என் கைபடாத முகம் அபூர்வம். படம் எடுப்பது இவர் வேலை. எடுத்த படத்தில் தோலை மெழுகி, முகத்தை முகமாக்குவது என் வேலை. ஆவுடையப்பன் ஸ்டூடியோவில் எடுத்தால் வழவழவென்று வரும் என்று பெயர் இருக்கிறதென்றால், அது ஆவுடையப்பனால் வந்ததில்லை, ஆவுடையப்பன் பெண்டாட்டி கோமதியால் வந்தது. கேட்டால் இவரே ஒப்புக்கொள்வார்.

சாயந்தரம் புதுச் செருப்போடு வந்து நிற்கிறார். பழையது கடிக்கிறதாம். போன வருஷம் வாங்கியதும் கடித்தது. நாற்பத்தாறு வயதில் கால் வளர்கிற ஆளை இங்கேதான் பார்க்கிறேன். மாவு புளித்துவிட்டது, நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூன் 15

இவருடைய கல்யாண மோதிரம் விரலில் இறுகிவிட்டது. சோப்பு, நல்லெண்ணெய், நூல் எல்லாம் போட்டுப் பார்த்தும் வரவில்லை. ஆசாரி வெட்டித்தான் எடுத்தார். உட்கார்ந்த இடத்தில் முறுக்கு தின்றால் விரல் பருக்காமல் என்ன செய்யும்?

ஜூன் 21

இன்றைக்குக் கடையில் ஒரு கலாட்டா. போன வாரக் கல்யாணத்துப் பெண்ணின் தாய்மாமன், சீனிப்பாண்டி என்று பெயர், நாலு பேரோடு வந்துவிட்டார். மேடையில் குடும்பத்தோடு நிறுத்தி எடுத்த படம் ஒவ்வொன்றிலும் வலது ஓரத்தில் நின்ற அவர் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறார்.

"சீர் செஞ்சது நான். பட்டுக் கட்டுனது நான். ஒங்க வீட்டுக்காரர் நில்லுங்கன்னு சொன்ன எடத்துலதான நின்னேன்? படத்துல என் கை மட்டும் வந்து நிக்கு. மீதி ஆளு எங்கம்மா?"

"அண்ணாச்சி, சாயந்தரத்துக்குள்ள முழு ஆளையும் உள்ள கொண்டாந்துருதேன். மோர் குடிங்க."

"தாய்மாமன ஒட்டுப் போட்டா உள்ள கொண்டாருவிய? இது எங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா?"

தெரியும். தாய்மாமன் இல்லாத கல்யாணப் படத்தை வைத்து இரண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். தேடினால் அவர் முழுதாக நிற்கும் படம் பந்தியில்தான் இருந்தது, கையில் பாயச டம்ளரோடு. அதிலிருந்து ஆளைப் பெயர்த்தெடுத்து மேடையில் நிறுத்தினேன். டம்ளர் இருந்த இடத்தில் பூச்செண்டு வைத்தேன். நெற்றியையும் கொஞ்சம் மெழுகிவிட்டதில் சீனிப்பாண்டி அண்ணாச்சி மாப்பிள்ளையைவிட அழகாகிவிட்டார். அவருக்கே கோபம் இறங்கிவிட்டது.

இவரிடம் கேட்டால், "எனக்கு எல்லாரும் உள்ள நின்ன மாதிரிதான் தெரிஞ்சுது, கோமு" என்கிறார். கல்யாண வீட்டில் யாரோடு வாய் பார்த்துக்கொண்டு நின்றாரோ. கொஞ்ச நாளாகவே இவர் எடுக்கிற படங்களில் வலது பக்கத்தைத் திரைச்சீலை ஒட்டி நீட்டி நான்தான் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாகத் திட்டினேன்.

ஜூலை 4

வண்டியில் போனவர் தெருவோரம் நின்ற இளநீர் வண்டியில் போய் மோதிவிட்டு வந்திருக்கிறார். வலது முழங்கையில் சிராய்ப்பு. "அங்கன ஒண்ணுமே இல்ல கோமு, திடீர்னு வந்துட்டு" என்று சத்தியம் செய்கிறார். இளநீர் வண்டி எங்கிருந்து திடீரென்று வரும்? ஆள் உயரத்துக்குக் குலை தொங்குகிற வண்டி. மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

குறட்டையும் கூடிவிட்டது. குரலும் கட்டையாகிவிட்டது. போனில் பேசினால் இவருடைய அப்பா பேசுவதுபோல் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிறோம். சும்மா இருப்பானேன் என்று வாசலில் இருக்கிற கண்ணாடி ஷோகேஸைத் துடைத்தேன்.

அதில் மணப்பெண்கள் படம் இரண்டு, மூன்றுதான். மற்றதெல்லாம் இவர். எங்கள் கல்யாண நாள் தை மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு தையிலும் அன்றைக்கு மட்டும் கேமராவை நான் வாங்கிக்கொள்வேன். இவரை அதே நாற்காலியில், அதே நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு படம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வருஷா வருஷம் எடுத்து வைத்துப் பார்க்க வேறு யார் முகம் இருக்கிறது?

அந்தப் படத்துக்கு நான் செய்கிற வேலையை வேறு யார் படத்துக்கும் செய்வதில்லை. போன வருஷம் முடித்த படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். இந்த வருஷ முகம் அதோடு ஒத்துப்போகும் வரை விடமாட்டேன், இல்லாவிட்டால் ஷோகேஸில் வரிசை கெட்டுப்போகும். இந்தத் தையில் ரொம்ப மெனக்கெட வேண்டியிருந்தது. புது லென்ஸ் முகத்தைப் பரத்திக் காட்டுகிறது. தாடையை நன்றாக உள்ளே தள்ளினேன். மூக்கை ஒடுக்கினேன். நெற்றி எலும்பு வெளிச்சத்தில் துருத்தியது, அதையும் அமுக்கினேன். தோல் வேறு எண்ணெய் வழிந்து குழி குழியாக இருந்தது, முழுக்க மெழுகினேன். அந்த லென்ஸை மாற்றச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் பழக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு வயசே ஆவ மாட்டேங்கே" என்றார். எனக்கு அப்படியொரு பெருமை.

ஜூலை 28

நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா பார்க்க இவருடைய அக்கா, இசக்கி மதினி, பம்பாயிலிருந்து வந்திருக்கிறாள். நாலு வருஷம் கழித்து வருகிறாள். காலையில் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் போனோம். பெட்டியைவிட்டு இறங்கியவளிடம் இவர் ஓடிப்போய்ப் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா, ஆள் வந்திருக்காக" என்றாள். சொல்லிவிட்டு இவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"எங்க கோமதி, தம்பி வரலையா?"

நான் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இவர் பின்னாலிருந்து, "யக்கா" என்றார். மதினி திரும்பினாள். காலிலிருந்து தலை வரை பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஏல... நீயால?"

இவர் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினார். நானும் சிரித்தேன். ஆட்டோவில் வழி முழுக்க மதினி இவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கும், அந்த வயதில் வருவதுதான்.

ஜூலை 30

தபசு பார்த்துவிட்டு வந்தோம். கோயில் கூட்டத்தில் நசுங்கி வந்த எரிச்சலில் இருந்தேன், மதினி அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"கோமதி, எங்க தம்பிய என்ன பண்ணி வச்சிருக்க?"

"சோறு போட்டு வச்சிருக்கேன் மதினி. வேற என்ன பண்ணணும்?"

"எகத்தாளம் பேசாத. அந்த மூக்கு அவனுது இல்ல. தாடை அவனுது இல்ல. பல்லுக்கு நடுவுல ஈர்க்குச்சி போவும் போல இருக்கு. எங்க வீட்டுல யாருக்காவது அப்படி இருக்கா? நீ தை மாசம் போன்ல அனுப்புனியே படம், அதுல இப்படி இல்லையே?"

"படத்துல கொஞ்சம் டச்சப் பண்ணுவோம் மதினி. எல்லா ஸ்டூடியோவுலயும் பண்ணுறதுதான்."

"கொஞ்சமா?" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லுதேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபது வருஷம் கூடவே இருப்பவள் நான். நாலு நாள் விருந்தாளிக்குத் தெரிவது எனக்குத் தெரியாதா? ஆளைத் தெரியாமல் போர்ட்டர் என்று நினைத்த வெட்கத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 2

மதினி ஊருக்குக் கிளம்பினாள். ரயில் வரும் வரைக்கும் தம்பி முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 10

தலைவலி என்று இன்று கடைக்கே வரவில்லை. மூன்று மாதமாகவே இருந்ததாம், சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே பையன் எழுத்தையெல்லாம் வாசிக்கச் சொன்னான், கடகடவென்று வாசித்தார். பிறகு பையன் தன் கையை இவர் முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய், "விரல் எத்தனை சார்?" என்றான். "எந்த விரல்?" என்றார் இவர். பையன் என்னைப் பார்த்து, "கண்ணாடி போட்டுச் சரியாகுறது இல்லக்கா. திருநெல்வேலிக்குப் போயிருங்க" என்றான். வீடு வரும் வரைக்கும் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள் இல்லை.

ஆகஸ்ட் 13

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். புள்ளி வந்துகொண்டே இருக்கிறது, இவர் அழுத்தாமல் இருக்கிறார். அழுத்துங்க என்று கத்தவேண்டும்போல் இருந்தது. முடிவில் வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் பாதி கறுப்பாக இருந்தது. நேரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் தெரியாதாம். இளநீர் வண்டி. வெட்டுப்பட்ட தாய்மாமன். நான் திட்டிய திட்டு.

டாக்டரம்மா சின்ன வயசு. தாளைப் பார்த்துவிட்டு இவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நீட்டச் சொல்லித் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"செருப்பு சைஸ் கூடுச்சா?"

நான் முந்திக்கொண்டு சிரித்தபடி, "ஆமா டாக்டர், வருஷம் ஒரு செருப்பு" என்றேன்.

"மோதிரம் டைட் ஆச்சா?"

"ஆமா, ஆசாரிதான் வெட்டி எடுத்தாரு."

"குறட்டை? குரல் மாறியிருக்கா?"

மூன்றாவது ஆமா சொல்லும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த அம்மா எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்ததுபோல் கேட்கிறார். தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 16

கட்டி.

மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பியில் கட்டி. புற்று இல்லையாம். ஆனால் அது உடம்பை வளரச் செய்கிற நீரை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறதாம். வளர்ந்த ஆளுக்கு உயரம் கூடாது, கையும் காலும் மூக்கும் தாடையும்தான் பெருக்கும். தோல் தடித்துக் குழி விழும். கட்டி பெரிதாகி மேலே கண் நரம்பை அழுத்துகிறது.

இதைச் சொன்னவர் சுரப்பி நோய்க்கென்றே இருக்கிற பெரிய டாக்டர். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இது மெதுவா வர்றது. கூடவே இருக்கவங்களுக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "பழைய ஃபோட்டோ இருந்தா கொண்டு வாங்க, வருஷவாரியா. முகம் எப்ப மாற ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, நோய் எவ்வளவு நாளா இருக்குன்னு தெரியும்."

அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "டாக்டர், நாங்க ஸ்டூடியோ வச்சிருக்கோம். படத்துக்கா பஞ்சம்?" என்றேன்.

ஆகஸ்ட் 18

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தைப் படங்கள் அத்தனையும் ஷோகேஸிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். டாக்டர் மேசை மேல் வரிசையாக அடுக்கினார். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். கடைசியிலிருந்து முதல் வரை பார்த்தார். தலை தூக்கி இவரைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரே நாள்ல எடுத்ததாம்மா?"

இவர்தான், "இல்ல சார், வருஷம் ஒண்ணு" என்றார்.

"ஒரு மாற்றமும் இல்லையே. இந்தத் தை மாசம் எடுத்த படத்துலகூட இந்தத் தாடை இல்லையே."

மேசையில் இவர் இருந்தார், சிரித்துக்கொண்டு, வழவழவென்று, இருபத்தாறு வயதில். மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய மூக்கு, தடித்த உதடு, புருவத்துக்கு மேல் புடைத்த எலும்பு, முன்னால் தள்ளிய தாடை. நான் அந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனில் மதினி பார்த்த ஆளை இன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"திருத்தியிருக்கேன் டாக்டர்" என்றேன்.

"திருத்தாத படம்? போன்ல எடுத்தது?"

போனைக் கொடுத்தேன். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் போன் தானாகவே எல்லார் முகத்தையும் மெழுகி ஒடுக்கித்தான் எடுக்கிறது, நான் அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டு வாங்கினேன். ஆதார் அட்டையில் மை அப்பியதுபோல் ஒரு நிழல். மற்ற எதற்கும் ஒட்டுவதற்குக் கொடுத்தது நம் கடைப் படம், என் கைவேலை. இந்த மனிதருடைய நிஜ முகம் உலகத்தில் ஒரு காகிதத்திலும் இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ராஜபாளையத்துக்காரி ஒருத்தி, "கெட்டியா அணைச்சுப் பிடிச்சுக்கோங்கம்மா, கண்ணாடி உடைஞ்சிராம" என்றாள். மடியில் அந்தப் படங்கள்.

ஆகஸ்ட் 19

காலையில் காபிகூடப் போடாமல் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே ஞாபகம் வந்தது. மற்றவர்கள் படத்தில் வேலை முடிந்ததும் திருத்தத்தையும் படத்தையும் ஒரே படமாக்கி வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடுவோம். தைப் படங்களை மட்டும் அப்படிச் செய்ய மனம் வராது. நான் செய்த ஒவ்வொரு திருத்தமும் அசலுக்கு மேல் தனித்தனி அடுக்காக அப்படியே இருக்கும். எந்த அடுக்கையும் மறைத்துவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்கலாம். எதற்காக வைத்தேன்? என் கைவேலையை நானே ரசிக்க.

முதல் வருஷங்களில் அடுக்கை மறைத்தால் ஒரு மரு வரும், ஒரு சவர வெட்டு வரும், அப்படிச் சின்னச் சின்னது, அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடையை இந்த இடத்துக்கு மாற்றினோம், அந்த வருஷத்துப் படத்தில் மூக்கு நுனி லேசாகத் தடித்திருந்தது. அதற்கடுத்த தையில் உதடு. அதற்கடுத்ததில் நெற்றி. ஒவ்வொன்றாகத் திறந்து, மறைத்து, திறந்து, மறைத்து, அசல்களை மட்டும் திரையில் ஒரே வரிசையாக நிறுத்தினேன்.

என் கண் முன்னால் ஒரு மனிதர் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தையிலும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தையிலும் நான் அதைத் தேடித்தேடித் துடைத்திருக்கிறேன். எங்கெங்கே எலும்பு வளர்ந்ததோ அங்கெல்லாம் என் திருத்தம் இருந்தது. டாக்டர் ஸ்கேனில் பார்ப்பதை நான் ஏழு வருஷமாகக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து இவர் வந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் திரையை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும் கோமு. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சவரம் பண்ணும்போது தெரியும்லா. வீட்டுக் கண்ணாடியில ஒரு ஆளு, கடை வாசல்ல ஒரு ஆளு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

இவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து இழுத்து உட்கார்ந்தார். "வயசாகுதுன்னு நெனச்சேன். மூஞ்சி அசிங்கமாயிட்டுன்னு நெனச்சேன். ஒனக்கு அந்தப் பழைய ஆளத்தான் பிடிச்சிருக்கு, அதான் ஒவ்வொரு வருஷமும் உக்காந்து சரி பண்ணுத, அதச் சொல்லிக் காமிச்சு உன்ன ஏன் சங்கடப்படுத்தணும்னு இருந்துட்டேன்."

ஏழு வருஷம். ஏழு தை. தன் பெண்டாட்டிக்குத் தன் முகம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே இந்த மனிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கட்டி என்று கேட்டபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

"கூறுகெட்ட மனுஷா! பிடிக்காமலா? நான் லென்ஸுன்னு நெனச்சேன்!"

"என்ன லென்ஸு?"

"புது லென்ஸு மூஞ்சியப் பெருசாக் காட்டுதுன்னு நெனச்சேன். அதுக்கு முந்தி வெளிச்சம்னு நெனச்சேன். ஒங்க மூஞ்சியில கோளாறு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

இவர் என்னையே பார்த்தார். பிறகு, "லென்ஸா!" என்று சொல்லிச் சிரித்தார், அந்தக் கட்டைக் குரலில். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இவர் என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். ஷட்டருக்கு வெளியே யாரோ, "பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும், ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 20

ஷோகேஸைக் காலண்டர் தாள் ஒட்டி மறைத்தேன். கேட்டவர்களிடம் பெயின்ட் அடிக்கிறோம் என்றேன். சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 25

மதுரை. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் அசல் படங்களைப் பார்த்தார். இந்தத் தடவை நான் ஒரு புள்ளிகூடத் தொடாமல் பிரிண்ட் போட்டேன். போடும்போது கை மூன்று முறை திருத்தப் போனது.

மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுப்பார்களாம். "எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். பழைய முகம் வராது. வீக்கம் கொஞ்சம் வடியும், அவ்வளவுதான்" என்றார். நான் சரி என்றேன். அந்த முகம் எனக்கு வேண்டாம்.

"பார்வை திரும்ப வருமா சார்?" என்று இவர் கேட்டார். அதுவரை இவர் எந்த டாக்டரிடமும் எதுவும் கேட்டதில்லை.

"நரம்பு எவ்வளவு காலமா அமுங்கிக் கிடக்குங்கிறதப் பொறுத்தது. ரொம்ப காலம்னா வராது. ஒரு வருஷத்துக்குள்ளன்னா நம்பிக்கை இருக்கு. எப்ப இருந்து ஓரம் தெரியலைன்னு ஞாபகம் இருக்கா?"

இவருக்குத் தெரியவில்லை. தெரியாதது எப்போதிருந்து தெரியவில்லை என்று எப்படிச் சொல்வார்? எனக்குத் தெரியும். இவர் கேமராவில் வலது கண்ணை வைத்து எடுத்த படங்களில் வலது ஓரத்தைத் திரைச்சீலை ஒட்டி நீட்ட ஆரம்பித்தது நான்தானே. புரட்டாசியில் எடுத்த வளைகாப்புப் படங்களில் எல்லாரும் முழுதாக நின்றார்கள். ஐப்பசி முகூர்த்தத்தில்தான் முதன்முதலாக ஒரு அத்தைக்குத் தோளை வரைந்து சேர்த்தேன்.

"போன தீபாவளிக்குப் பிறகுதான் டாக்டர். அதுக்கு முந்தி இல்ல" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் எழுதிக்கொண்டார். "அப்ப முயற்சி பண்ணலாம்" என்றார். வெளியே வந்ததும் மதினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டட்டும் என்றுதான் இருந்தேன். அவள் திட்டவில்லை. "சாப்ட்டியாட்டி?" என்றாள்.

செப்டம்பர் 1

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, "கண்ணு தெரியாமப் போச்சுன்னா கேமராவ நீயே எடுத்துக்கிடணும், கோமு. வெளிய ஆளு போட்டுராத" என்றார். வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றேன். கதவு சாத்திய பிறகுதான் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

காத்திருக்கிற இடத்தில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதுக்குக் கீழே ஒரு புடைப்பு. நம் கடைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பேன், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்படி எத்தனை பேர். யார் யாருடைய எதையெல்லாம் துடைத்தேனோ என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். மானத்தை விட்டு அவரிடம் போய், "அண்ணாச்சி, இத டாக்டர்ட்ட காமிச்சியளா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்" என்றார்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

செப்டம்பர் 2

உள்ளே விட்டார்கள். மூக்கில் பஞ்சு, முகம் வீங்கிக் கிடக்கிறது. கண் திறக்கவில்லை. கூப்பிட்டேன், விரலை மட்டும் அசைத்தார்.

செப்டம்பர் 4

வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தலையை அசைக்கக் கூடாது, தும்மக் கூடாது, நேரே மேலே பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். மதினி நாளைக்கு வந்துவிடுவாள். டாக்டர் காலையில் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு வாரம் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நர்ஸைக் கேட்டேன். அவளும், "ரெண்டு மூணு வாரம் போகட்டும்" என்றாள்.

இடது பக்கம் சுவர். வலது பக்கம்தான் ஸ்டூல் போட இடம். உட்கார்ந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? திரையில் இந்த முகத்தை எத்தனையோ மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எதை எடுக்கலாம் என்று பார்த்தது. இன்றைக்கு எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் பார்த்தேன். மூக்கின் மேல் குழி குழியாக இருக்கிறது. கழுத்தோரம் சின்னச் சின்ன மரு. புருவ மேட்டில் சின்ன வயதில் விழுந்த தழும்பு ஒன்று இருக்கிறது. அதை முதல் வருஷமே அழித்துவிட்டேன், அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்க?" என்றார், அடைத்த மூக்கோடு. "மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"ஒங்க மூஞ்சிய யாரு பாத்தா? நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"பொய் சொல்லாத. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு முழிச்சு முழிச்சுப் பாக்குத."

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இவருடைய தலை அசையவில்லை. கண் மேலே சுற்றுகிற காற்றாடியில்தான் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது வலது பக்கம், தோளுக்கு நேராக.

கையைக் கொஞ்சம் தூக்கி விரல்களை ஆட்டினேன்.

"இப்ப எதுக்குக் கைய ஆட்டுத?" என்றார் காற்றாடியைப் பார்த்தபடி. "கொசுவா?"

நான் நர்ஸம்மா என்று கத்தியதில் எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.